கைத்தொலைபேசியில் உள்ள உணர்கருவி 'செயற்கைச் சூரியனை'த் தாங்குமா?

லிட்டில் இந்தியா எம்ஆர்டி நிலையத்தைவிட்டு வெளியே வருகிறீர்கள். வரைபடச் செயலியில் நீல அம்பு எங்கோ பார்த்துக்கொண்டு நிற்கிறது. கைத்தொலைபேசியை 8 போடுவதுபோல் ஆட்டினால் சரியாகிவிடும்.

அந்த அம்பைத் திருப்புவது உள்ளே இருக்கும் காந்தப்புல உணர்கருவி. அது தவறு செய்தால் நாம் தேக்காவுக்கு எதிர்ப்பக்கம் நடப்போம், அவ்வளவுதான். அணுக்கரு இணைவு உலையில் அப்படி விட முடியாது.

அங்கே காந்தம் எதற்கு?

சூரியனில் நடப்பதுபோல் ஹைட்ரஜன் அணுக்கருக்களை இணைத்து ஆற்றல் எடுக்கும் முயற்சி அது. தென் பிரான்ஸில் கட்டப்பட்டுவரும் ஐட்டர் உலையில் பிளாஸ்மாவின் வெப்பம் 15 கோடி டிகிரி செல்சியஸை எட்டவேண்டும். அதைத் தாங்கும் பாத்திரம் கிடையாது. அதனால் காந்தப்புலத்தால் அதை அந்தரத்தில் பிடித்துவைக்கிறார்கள். பிளாஸ்மா எங்கே இருக்கிறது, என்ன வடிவில் இருக்கிறது என்பதை முக்கியமாகக் காந்தப்புலத்தை அளந்துதான் கணிக்கிறார்கள். கணிப்பு தவறி அது சுவரைத் தொட்டால் உட்சுவர் உருகலாம்.

சிங்கப்பூர் ஐட்டரில் உறுப்பு நாடு இல்லை (இந்தியா உண்டு). ஆனால் நம் மின்சாரத்தில் சுமார் 95% இறக்குமதி செய்யப்படும் இயற்கை எரிவாயுவில் இருந்து வருகிறது. இணைவு ஆற்றல் எப்போது கைகூடும் என்பது நமக்கும் முக்கியமான கேள்விதான்.

பழைய முறையில் என்ன சிக்கல்?

வழக்கமாக அளப்பது கம்பிச்சுருளை வைத்து. ஆனால் புலம் மாறும்போதுதான் அது 'பேசும்'. மாற்றங்களைக் கூட்டிக் கழித்துத்தான் இப்போதைய அளவைப் பெறவேண்டும்.

தீபாவளிக்கு முந்திய வாரம் தேக்கா நிலையத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று வாசலில் நின்று எண்ணுவதாக வைத்துக்கொள்ளுங்கள். நுழைபவரைக் கூட்டி, வெளியேறுபவரைக் கழிக்கிறீர்கள். அவ்வப்போது ஓரிருவரைத் தவறவிட்டால், நேரம் போகப் போகக் கணக்கு உதைக்கும். சில நொடிச் சோதனைக்கு அது பரவாயில்லை. ஐட்டரின் நீண்ட சோதனைகள் 3,000 விநாடிவரை போகலாம்.

உள்ளே போய்த் தலைகளை நேரடியாக எண்ணுவதுபோல் வேலை செய்வது 'ஹால்' உணர்கருவி. எட்வின் ஹால் 1879இல் கண்டறிந்த விளைவு அது. மின்சாரம் ஓடும் மெல்லிய தகட்டில் காந்தப்புலம் எலெக்ட்ரான்களை ஓரமாகத் தள்ளும். இரு ஓரங்களுக்கும் இடையே எழும் சிறு மின்னழுத்தத்தை அளந்தால் புலத்தின் வலு தெரிந்துவிடும்.

அப்படியானால் சாதாரணச் சில்லைப் பொருத்தினால் என்ன?

நியூட்ரான்கள் விடாது. தகட்டில் உள்ள அணுக்களை அவை இடம்பெயர்க்கும். சிலவற்றை வேறு தனிமமாகவே மாற்றிவிடும். ஹால் உணர்கருவிகளில் பயன்படும் இண்டியம், நியூட்ரானை வாங்கிக்கொண்டு வெள்ளீயம் ஆகும். சிராங்கூன் சாலை நகைக்கடைகளில் மின்னும் தங்கமும் தப்பாது, அது பாதரசம் ஆகிவிடும்! (இரசவாதிகள் கனவு கண்டது இதற்கு நேர் எதிராக.)

குறைக்கடத்தியில் மின்சாரத்தைச் சுமக்கும் எலெக்ட்ரான்கள் குறைவு. சில வேற்று அணுக்கள் நுழைந்தாலே அளவு மாறிவிடும். உலோகத்தில் அவை ஏராளம், அதனால் பாதிப்பு குறைவு; ஆனால் கிடைக்கும் சமிக்ஞையும் மிக மெலிது.

இரண்டுக்கும் நடுவே நிற்பது பிஸ்மத். செக் ஆய்வாளர்கள் உருவாக்கிய பிஸ்மத் உணர்கருவிகள் ஐட்டர் கலனின் வெளிப்புறத்தில் 60 இடங்களில் பொருத்தத் திட்டமிடப்பட்டவை. கம்பிச்சுருள்களின் கணக்கு விலகுகிறதா என்று அவை சரிபார்க்கும்.

பிஸ்மத் சுமார் 271 டிகிரியில் உருகிவிடும். இன்னும் சூடான இடங்களுக்கு ஆன்டிமனி சோதிக்கப்படுகிறது. போலந்தில் ஒரு குழு, சிலிக்கான் கார்பைடு மேல் படிந்த கிராஃபீனை ஆய்வு உலையின் நியூட்ரான்களுக்கு நடுவே வைத்துப் பார்த்திருக்கிறது. கிராஃபீனின் தடிமன் ஓர் அணு மட்டுமே.