பெண்ட் பைப் ஏன் நீலமாகிறது?

டெல்லி துவாரகாவின் செக்டர் சாலைகளில் நிற்கும் பழைய புல்லட் மோட்டார் சைக்கிள்களைக் கவனியுங்கள். எஞ்சினிலிருந்து இறங்கும் பெண்ட் பைப்பில் வைக்கோல் மஞ்சள், பழுப்பு, ஊதா, நீலம் எனப் பட்டைகள் தெரியும். அது அழுக்கு அல்ல. சூடேறிய உலோகத்தின் மேற்பரப்பு காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து மிக மெல்லிய ஆக்சைடு படலம் ஆகிறது. படலத்தின் மேலும் அடியிலும் பட்டுத் திரும்பும் ஒளி அலைகள் கலந்து, தண்ணீரில் மிதக்கும் எண்ணெய்போல நிறம் காட்டுகின்றன. சூடு ஏற ஏறப் படலம் தடிக்கும், நிறம் மாறும். சாதாரண எஃகில் மஞ்சள் ஏறத்தாழ 220 டிகிரி செல்சியஸில் தோன்றும். நீலம் 300-ஐ ஒட்டி.

குழாய் ஏன் இவ்வளவு சுடுகிறது? ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். கார்புரேட்டர் ஜெட் அடைத்தாலோ, இன்டேக் ரப்பர் விரிசல் விட்டாலோ காற்று மிகுந்துவிடும். அந்தக் கலவை மெதுவாக எரியும். தீப்பொறி தாமதமானாலும் இதே கதைதான்: எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போதும் எரிதல் முடிந்திருக்காது. பிஸ்டனைத் தள்ள வேண்டிய ஆற்றல் குழாயைச் சுடுகிறது.

ஆகவே பாலிஷ் போடுவதற்கு முன் டியூனிங்கைப் பாருங்கள். ஜெட், டைமிங், டேப்பெட் இடைவெளி, சைலன்சர் இணைப்பின் கேஸ்கெட் நான்கையும் சரிபார்க்க மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். டெல்லியின் மே வெயிலில், நீண்ட சிக்னலில் எஞ்சினை அணைப்பதும் உதவும். நின்ற வண்டியின் குழாய்க்கு எதிர்காற்று கிடையாது.

2020 ஏப்ரலில் அமலுக்கு வந்த பிஎஸ்-6 மாசு விதிப்படியான வண்டிகளில் கலவையைக் கணினியே அளக்கிறது. அவற்றிலும் சைலன்சரை மட்டும் மாற்றினால் கணக்கு பிசகலாம். எந்த வண்டியானாலும், ஒற்றைச் சுவர் குழாயில் லேசான மஞ்சள் இயல்பானதே.