கோணி ஊசியில் ஒரு கடிகாரத் திருப்புளி

கைக்கடிகாரத்தின் திருகாணியை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்திருக்கிறீர்களா? அதன் தலையின் குறுக்கே மெல்லிய காடி ஒன்று தெரியும். திருப்புளியின் முனை அந்தக் காடியில் அளவாக உட்கார வேண்டும். தடிப்பாக இருந்தால் உள்ளே இறங்காது. ஆப்புப் போல் சரிந்திருந்தாலோ திருப்பும்போது வழுக்கும். வழுக்கிய முனை ஹேர் ஸ்பிரிங்கில் பாய்ந்தால் அதை நிமிர்த்துவது அரிது. நான் ஒன்றைப் பாழாக்கியே இதைக் கற்றேன்!

அளவான திருப்புளியை நீங்களே செய்துகொள்ளலாம். கோணி ஊசி ஒன்று போதும். அதன்மீது அரத்தை ஓட்டிப் பாருங்கள். அரம் வழுக்கினால் அது நல்ல எஃகு. ஆணி உதவாது. அதில் கரிச்சத்து குறைவு. எவ்வளவு காய்ச்சித் தோய்த்தாலும் கடினமாகாது.

ஊசியைத் தணலில் சிவக்கவைத்து, சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிடுங்கள். இப்போது அரம் பிடிக்கும். கூர்முனையை நறுக்கிவிட்டு, இரு பக்கமும் தட்டையாக அராவுங்கள்.

அடுத்தது, கொல்லர் அரிவாளுக்குப் போடும் தோய்ச்சல்தான். குறடால் பிடித்து, முனையைக் கோவைப்பழச் சிவப்பாகக் காய்ச்சுங்கள். ஏறத்தாழ 780 டிகிரி செல்சியஸ். இந்நிலையில் காந்தம் அதை இழுக்காது. இரும்பு அணுக்களின் அடுக்கு மாறி, கரி அணுக்கள் இடையில் கரைந்திருக்கும். சட்டென்று எண்ணெயில் அமிழ்த்தினால், வெளியேற நேரமின்றி அவை சிக்கிக்கொள்கின்றன. எஃகு கண்ணாடி போல் கடினமாகிறது. கண்ணாடி போலவே உடையவும் செய்யும்.

இங்கே நிறுத்திவிட்டால் முதல் திருகாணியிலேயே முனை ஒடியும். முனையை உப்புத்தாளால் பளபளப்பாகத் தேயுங்கள். பிறகு ஸ்பிரிட் விளக்கின் சுடரில், முனைக்குச் சற்றுப் பின்னாலுள்ள பகுதியைக் காட்டுங்கள். வெப்பம் முன்னேற, நிறங்களும் ஊர்ந்துவரும். முதலில் 220 டிகிரி அளவில் வைக்கோல் மஞ்சள். பின்னால் பழுப்பு, ஊதா. 300 டிகிரியை நெருங்கும்போது நீலம். எஃகின்மேல் படரும் ஆக்சைடுப் படலத்தின் வேலை இது. தண்ணீரில் மிதக்கும் எண்ணெயில் வானவில் நிறங்கள் தெரிகின்றன அல்லவா, அதுபோலத்தான். படலம் தடிக்கத் தடிக்க நிறம் மாறுவதால் வெப்பமானியே தேவையில்லை. பழைய கடிகாரங்களில் காணும் நீலத் திருகாணிகளின் நிறமும் இதுவே.

முனையில் ஊதா நீலமாகும் தறுவாயில் தண்ணீரில் தோய்த்துவிடுங்கள். மஞ்சளிலேயே நிறுத்தினால் முனை முறியும். நீலம் கடந்து சாம்பல் நிறமானால் முறுக்கிக்கொள்ளும். அப்படியானால் மறுபடி சிவக்கக் காய்ச்சவேண்டியதுதான்.

கடைசியாக எண்ணெய்க்கல்லில் தேயுங்கள். முனையின் இரு முகங்களும் இணையாக இருக்கட்டும். இடையிடையே காடியில் வைத்துப் பாருங்கள். அடிவரை இறங்கி, ஆடாமல் நின்றால் சரி.