சிறு பாடசாலையில் ஒரு பிள்ளையின் மதிப்பு

ஐந்து வகுப்புகளுக்கு இரண்டே உபாத்தியாயர்கள் இருப்பதேன் என்று கிராமவாசிகள் பலர் குறை கூறுவதுண்டு. காரணத்தை அறிந்தாலன்றி நிவாரணம் தேடுதல் இயலாது.

சர்க்கார் ஆரம்ப பாடசாலையில் உபாத்தியாயர்களின் தொகை, வகுப்புகளைக் கொண்டன்று, சேர்ந்துள்ள பிள்ளைகளின் தொகையைக் கொண்டே நிர்ணயிக்கப்படுகிறது. 2009-ம் வருஷத்திய இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி, 60 பிள்ளைகள் வரையில் இருவர். 61 முதல் 90 வரையில் மூவர். 91 முதல் 120 வரையில் நால்வர். தமிழ்நாட்டில் ஆகஸ்டு 1-ந் தேதியன்றுள்ள தொகையே இதற்கு ஆதாரம். ஆகவே, 61 பிள்ளைகளுள்ள பாடசாலையை விட்டு ஒரு பிள்ளை விலகினும், மூன்றாம் உபாத்தியாயர் உபரியெனக் கருதப்பட்டு வேறிடம் மாற்றப்படக்கூடும்.

இதனால் விளையும் நஷ்டத்தைக் கணக்கிடுவோம். அச்சட்டம் ஆரம்ப வகுப்புகளுக்கு வருஷத்தில் 200 நாட்களும், 800 மணி நேரப் போதனையும் விதிக்கிறது. நாளொன்றுக்கு 4 மணியாகிறது. மூவர் இருப்பின் எவரும் இரண்டு வகுப்புகளுக்கு மேல் ஏற்கவேண்டுவதில்லை. வகுப்பொன்றுக்கு 120 நிமிஷமேனும் நேர்ப் போதனை கிட்டும். இருவராயின், ஒருவர் மூன்று வகுப்புகளை ஏற்க நேரிடும்; வகுப்புக்கு 80 நிமிஷமே. அவ்விருவரில் ஒருவர் ரஜாவிற் சென்றாலோ 48 நிமிஷமே மிஞ்சும். போதனை குன்றக் கண்ட பெற்றோர் பிள்ளைகளை வேறிடம் அனுப்புவர். தொகை மேலும் குறையும்.

கிராமத்தார் செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, ஜூன் மாதத்திலேயே வீடுவீடாகச் சென்று, வயது வந்த பிள்ளைகள் அனைவரையும் சேர்ப்பித்தல். இல்லாத பிள்ளையின் பெயரை எழுதித் தொகை காட்டுதல் மட்டும் ஆகாது, அது மோசடியாகும்.

இரண்டாவது, காலி ஸ்தானத்தைக் குறித்து உடனே மனுச் செய்தல். அனுமதிக்கப்பட்ட ஸ்தானங்களில் 10 சதவீதத்திற்கு மேல் காலியிருத்தல் கூடாதென்பது சட்டம். மூவருக்குரிய பாடசாலையில் ஒரு ஸ்தானம் காலியானாலே அவ்வரம்பு மீறப்படுகிறது. பாடசாலை மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோரேயாதலின், இதனைக் கேட்கும் உரிமை அவர்களுடையது.

மூன்றாவது, சேர்ந்த பிள்ளைகளைத் தினந்தோறும் அனுப்புதல். இடையில் நின்றுவிடும் பிள்ளைகளால் கல்விச் செலவு விரயமாவதை ஹார்ட்டாக் கமிட்டியார் 1929-லேயே எடுத்துக் காட்டினர். பதிவுப் புத்தகத்திலுள்ள பெயர் உபாத்தியாயரைக் கொணரும்; வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைக்கே அவரால் பயன் உண்டாகும்.