ஐசியூ வாசலில் நிற்கும் குடும்பத்துக்கு

குமரி மாவட்டத்தில் புற்றுநோய் என்று தெரிந்தால் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ நெய்யூருக்கோ ஓடுவோம். பலர் எல்லை தாண்டித் திருவனந்தபுரம் ஆர்சிசி புற்றுநோய் மையத்துக்கும் போவதுண்டு. எல்லாம் பார்த்த பிறகு "இனி குணமாக்க வழியில்லை" என்று டாக்டர் சொல்லும்போதுதான் வீடு கலங்குகிறது. வென்டிலேட்டரை எடுக்கச் சொன்னால் கொலைப்பழி வருமோ என்று பயம். வைத்திருந்தால் நகையும் நிலமும் போகும். கடைசியில் "சொந்தப் பொறுப்பில்" என்று எழுதிக் கொடுத்து, வலிக்கு மருந்துகூட இல்லாமல் வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். இது நோயாளிக்குச் செய்யும் அநீதி.

ஊசி போட்டு உயிரை முடிப்பது, நோயாளியே கெஞ்சிக் கேட்டாலும், இந்தியாவில் குற்றம். தென்மாவட்டங்களில் சில இடங்களில் நடந்ததாகப் பதிவான, முதியவர்களை எண்ணெய்க் குளியலும் இளநீரும் கொடுத்துச் சாகவிடும் தலைக்கூத்தலும் கொலைதான். அந்தச் சடங்கு அதைக் கருணையாக்கிவிடாது. ஆனால் பலன் தராத சிகிச்சையை நிறுத்தி, நோய் அதன் போக்கில் முடிய விடுவது வேறு. மும்பை செவிலியர் அருணா ஷான்பாக் வழக்கில் 2011-ல் உச்ச நீதிமன்றம் இதற்கு முதலில் வழிதிறந்தது. 2018 மார்ச் 9 அன்று, கண்ணியமாக இறப்பதும் அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் உரிமை என்று தீர்ப்பளித்தது.

அந்தத் தீர்ப்பு, சிகிச்சை பற்றிய விருப்பத்தை முன்கூட்டியே எழுதிவைக்கும் உயிர் உயிலையும் அனுமதித்தது. ஆனால் மாஜிஸ்திரேட் மேலொப்பம் வேண்டும் என்றதால் சாமானியர்களுக்கு அது எட்டவில்லை. 2023 ஜனவரியில் விதி தளர்ந்தது. 18 வயது நிரம்பிய, தெளிந்த மனமுள்ள எவரும் இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ சான்று பெற்றால் போதும். எந்த நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டாம், தன்னால் பேச முடியாதபோது யார் முடிவு சொல்லலாம் என்று அதில் எழுத வேண்டும். மனம் மாறினால் எழுத்து மூலம் ரத்து செய்யலாம்.

உயில் இருக்கிறது என்பதற்காக யாரும் உடனே குழாயைப் பிடுங்கிவிட முடியாது. சிகிச்சை தரும் மருத்துவரும் அனுபவமுள்ள இரு நிபுணர்களும் அடங்கிய குழு பார்க்கும். பிறகு வேறொரு குழு மறுபடி பார்க்கும். இரண்டும் ஒத்துக்கொண்டால், மருத்துவமனை மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவித்த பின்பே சிகிச்சை விலக்கப்படும். உயில் எழுதாதவருக்கும் குடும்பத்தின் சம்மதத்தோடு இந்த வழி உண்டு. குழுக்கள் மறுத்தால் உயர் நீதிமன்றம் போகலாம். சொத்தில் கண் வைத்து அவசரப்படுகிறவர்களிடமிருந்து முதியவர்களைக் காக்கும் அரண் இந்த இரட்டைப் பரிசீலனை.

சிகிச்சை நின்றாலும் கவனிப்பு நிற்கக் கூடாது. வலி, மூச்சுத்திணறல், படுக்கைப்புண் ஆகியவற்றுக்கு நோய்த்தணிப்பு சிகிச்சை கடைசி மூச்சுவரை வேண்டும். மார்ஃபின் என்றதும் அஞ்ச வேண்டாம். மருத்துவர் சொல்லும் அளவில் அது வலியைத்தான் கொல்கிறது. அதை மருத்துவமனைகள் பெறுவதை எளிதாக்கவே 2014-ல் போதைப்பொருள் சட்டம் திருத்தப்பட்டது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வந்து பார்க்கும் நோய்த்தணிப்புச் சேவையும் உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். கவனிக்க ஆளில்லாத முதியவர்களுக்கு 14567 என்ற உதவி எண் இருக்கிறது.

அப்பா அம்மா நலமாக இருக்கும்போதே அவர்கள் விருப்பத்தைக் கேட்டு எழுதி வாங்குங்கள்; உங்களுடையதையும் எழுதி, பிள்ளைகளிடமும் குடும்ப மருத்துவரிடமும் ஆளுக்கொரு பிரதி கொடுத்து வையுங்கள்.