படகுக்கே கப்பல் டிக்கெட்!

காளையார்கோவிலைத் தாண்டி காரைக்குடி பக்கம் போனால், செட்டிநாட்டு வீடுகளில் பர்மா தேக்குத் தூண்களைப் பார்க்கலாம். அன்று கப்பலில் வந்த மரம் அது. அதே தேக்கில் தளம் போட்ட சொகுசுப் படகுகள் பலவும் இன்று சரக்குக் கப்பலேறித்தான் கடல் தாண்டுகின்றன. ஓடுற படகை எதுக்கு ஏத்தணும்? டீசல், ஆள் சம்பளம், இன்ஜின் தேய்மானம், நடுவுல புயல் வேற!

சின்னப் படகு என்றால் பாய்மரத்தைக் கழற்றி, கிரேனில் தூக்கி, தொட்டில் மாதிரி தாங்கியில் வைத்துக் கட்டுவார்கள். பெரிசுகளை ஏத்திப்போக வர்ற கப்பல் செம கில்லாடி. தொட்டிகளில் தண்ணி நிரப்பி, தானே பாதி மூழ்கும். படகுகள் மிதந்து உள்ளே வந்ததும் தண்ணியை வெளியேத்தி எழுந்துடும்.

இன்ஷூரன்ஸ் எடுத்துக்கிறது நல்லது. கப்பல் ஆபத்தில் சிக்கினால், அதைக் காப்பாத்துற செலவில் உங்களுக்கும் பங்கு உண்டு; படகுல கீறல்கூட விழாட்டாலும்! 2021-ல் சூயஸ் கால்வாயில் சிக்கின எவர் கிவன் கப்பலில் சரக்கு ஏத்தினவங்ககிட்டயும் இப்படிப் பங்கு கேட்டார்கள்.