கேட்ட நொடிக்கே ஜாதகம்! ஊர் மாறலாமா என்று ஆரூடம் பதில் சொல்லும் விதம் தெரியுமா?

பிறந்த தேதி வேண்டாம், பிறந்த நேரம் வேண்டாம், ஜாதகக் கட்டே வேண்டாம்! "ஏனுங்க, இங்கயே இருந்துக்கலாமுங்களா, வேற பக்கம் போயிரலாமுங்களா?" என்று வாய் திறந்து கேட்கிறீர்களே, அந்த நொடிக்கு ஒரு ஜாதகம் எழுதி அதிலிருந்தே பதில் எடுக்கும் கலை ஒன்று நம்மிடம் இருக்கிறது தெரியுமா? அதுதான் ஆரூடம். பிரசன்னம் என்றாலும் அதுவேதான். கேள்வி பிறந்த நேரமே அங்கே பிறந்த நேரம்!

இந்தக் கேள்விக்கு மண்ணரையைவிடப் பொருத்தமான இடம் ஏது? திருப்பூர் ஊத்துக்குளி ரோட்டில், 2011இல் மாநகராட்சியோடு சேர்ந்த பழைய ஊராட்சி இது. சுற்றிலும் பனியன் கம்பெனிகள். ஓவர்லாக் அடிப்பவர், செக்கிங் பார்ப்பவர், அயர்ன் போடுபவர் என்று மதுரை, தேனிப் பக்கத்திலிருந்தும், ஒடிசா, பீகாரிலிருந்தும் வந்து குடியேறியவர்கள். தன்பாத் ஆலப்புழை எக்ஸ்பிரஸ் திருப்பூரில் நிற்கும்போது ஏறுகிறவர்களையும் இறங்குகிறவர்களையும் பாருங்கள், மூட்டையோடு ஒரு கேள்வியும் சேர்ந்தே பயணம் செய்யும். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது, இருப்பதா போவதா என்ற கேள்வி இந்த ஊரையே உலுக்கியது. இவர்களில் பிறந்த நேரத்தைக் குறித்து வைக்காத குடும்பங்கள் எத்தனை எத்தனை! ஜாதகம் இல்லாதவருக்கும் வாசல் திறந்து வைத்த ஜோதிடம் ஆரூடம். எனக்கு இதன்மேல் இத்தனை மரியாதை வந்ததற்கு அதுவே முதல் காரணம்.

வெளியூர் போனவர் எப்போது திரும்புவார் என்று தமிழர்கள் சங்க காலத்திலேயே குறி கேட்டிருக்கிறார்கள் தெரியுமா? நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டில் அந்தக் காட்சி அப்படியே இருக்கிறது. போருக்குப் போன தலைவன் வரவில்லை. முதிய பெண்கள் நெல்லும் முல்லைப் பூவும் தூவித் தெய்வத்தைத் தொழுதுவிட்டு, காதைத் தீட்டிக்கொண்டு காத்து நிற்கிறார்கள். தாய்ப்பசுவைக் காணாமல் தவிக்கும் கன்றிடம் ஓர் இடைப்பெண், உன் தாய் இப்போதே வந்துவிடும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவ்வளவுதான்! அதையே நல்வாக்காக எடுத்துக்கொண்டு வந்து தலைவியிடம் சொல்கிறார்கள். இதற்குப் பெயர் விரிச்சி. தொல்காப்பியமே இதைக் குறிப்பிடுகிறது. பயணம் போனவரை எண்ணிப் பல்லி சொல்லுக்குக் காத்திருந்த பெண்களும் சங்கப் பாடல்களில் உண்டு. இன்றும் கொங்கு நாட்டுப் பெரியவர்கள் புறப்படுகிற நேரத்தில் கவுளி சொன்னால் ஒரு கணம் நின்று, எந்தத் திசையிலிருந்து என்று பார்ப்பார்களே, அதற்கு எத்தனை நீண்ட பரம்பரை பாருங்கள்!

இனி வருவது கணக்கு. 1 முதல் 249க்குள் ஓர் எண் சொன்னால் போதும், பயணம் உண்டா இல்லையா என்று சொல்லும் முறையை உருவாக்கியவர் ஒரு தமிழர் என்பது தெரியுமா? திருவையாற்றில் 1908இல் பிறந்த கே.எஸ். கிருஷ்ணமூர்த்திதான் அவர். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் வேலை பார்த்தவர். சில நிமிட இடைவெளியில் பிறக்கும் இரட்டைப் பிள்ளைகளின் வாழ்க்கை ஏன் வேறு வேறாகிறது என்ற கேள்வி அவரை விடவில்லை. 27 நட்சத்திரங்களில் ஒவ்வொன்றையும் 120 வருட தசைக் கணக்கின் விகிதத்தில் 9 துண்டாக்கினார். மொத்தம் 243. அதில் 6 துண்டுகள் இரண்டு ராசிகளின் எல்லையில் அறுபடுகின்றன. ஆக 249! சூரியனுக்குக் கிடைத்த துண்டு வெறும் 40 கலைதான் (கலை என்பது பாகையின் சிறு பகுதி), கீழ்வானில் அது உதித்து முடிய 3 நிமிடம்கூட ஆகாது. 1972இல் அவர் மறைந்தார். கே.பி. முறை என்று அவர் பெயரின் முதலெழுத்தோடு அது இன்று உலகெங்கும் வழங்குகிறது.

அந்த எண்ணை வைத்து என்ன செய்வார்கள்? அதற்குரிய பாகையை லக்னமாக வைத்து 12 வீடுகளையும் போடுவார்கள். இங்கேதான் என்னை மயக்கிய தர்க்கம் இருக்கிறது. குடியிருக்கும் வீடு 4ஆம் இடம். எதற்கும் 12ஆம் இடம் அதன் விரயம், அதாவது கையை விட்டுப் போவது. 4க்கு 12ஆம் இடம் எது? எண்ணிப் பாருங்கள், 3! அதனால்தான் இருக்கும் வீட்டை விட்டுக் கிளம்புவதை 3ஆம் இடம் காட்டும் என்கிறார்கள். முன்பின் தெரியாத இடத்தை 12 காட்டும். 9 சேர்ந்தால் தூர தேசம். 4ம் 11ம் வலுத்தால் போனவர் வீடு திரும்புவார். இத்தனை நுட்பமாக வாழ்க்கையைக் கட்டங்களில் அடுக்கிய மூளைகளை வணங்கத்தான் வேண்டும்.

அதற்கும் முந்தைய எளிய விதி ஒன்று உண்டு. வராகமிகிரரின் மகன் பிருதுயசஸ் 56 சுலோகங்களில் எழுதிய ஷட்பஞ்சாசிகா முழுக்க முழுக்கப் பிரசன்ன நூல். போவதும் வருவதும் அதில் முக்கியமான விஷயம். கேட்கும் நேரத்தில் மேஷம், கடகம், துலாம், மகரம் ஆகிய சர ராசிகளில் ஒன்று உதயமானால் பயணம் நடக்கும். ரிஷபம், சிம்மம், விருச்சிகம், கும்பம் என்றால் ஸ்திரம், ஆள் நகரமாட்டார். மற்ற நான்கும் உபயம், இழுபறிதான். தமிழிலும் சினேந்திரமாலை என்ற ஆரூட நூலைச் சமணப் புலவர் ஒருவர் இயற்றியிருக்கிறார்.

வெற்றிலையை எண்ணிக் கிரகம் கண்டுபிடிப்பது தெரியுமா? கேட்க வருகிறவர் கொண்டுவரும் வெற்றிலைகளின் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி, ஐந்தால் பெருக்கி, ஒன்றைக் கூட்டி, ஏழால் வகுக்க வேண்டும். மீதிதான் கிரகம். 12 வெற்றிலை என்று வையுங்கள். 121 வரும். ஏழால் வகுத்தால் மீதி 2. ஞாயிறு, திங்கள் என்ற வரிசையில் சந்திரன்! அதோடு முடியவில்லை. அடுக்கில் முதல் 12 வெற்றிலைகளே 12 வீடுகள். முற்பகல் என்றால் மேலிருந்து எண்ணுவார்கள், பிற்பகல் என்றால் கீழிருந்து. வாடியது எந்த இலை, கிழிந்தது எந்த இலை என்று பார்த்து அந்த வீட்டின் பலனைச் சொல்வார்கள். மலபாரில் தலச்சேரிப் பக்கத்து நம்பூதிரி ஒருவர் 1649இல் எழுதி முடித்த பிரசன்ன மார்க்கம் சொல்லும் முறை இது. கேட்க வந்தவர் எந்தத் திசையில் நின்றார், முதலில் எதைத் தொட்டார் என்பதுவரை கவனிக்கச் சொல்லும் நூல் அது.

அதே காலத்தில் கடல் தாண்டி என்ன நடந்தது தெரியுமா? 1647இல், இரண்டே ஆண்டு முன்னால், லண்டனில் வில்லியம் லில்லி என்பவர் கேள்வி ஜோதிடத்தை விரிவாகச் சொல்லும் பெரும் புத்தகம் வெளியிட்டார்! ஒருவர் இடம் மாறலாமா என்று கேட்டால் அவரும் நாலாம் வீட்டையும் ஏழாம் வீட்டையும்தான் பார்க்கச் சொல்கிறார். தூரப் பயணத்துக்கு அவருக்கும் ஒன்பதாம் வீடே. 1666இல் லண்டன் பெருந்தீயில் வெந்தபோது, அதை முன்பே படம் போட்டுக் காட்டியவர் என்று நாடாளுமன்றக் குழு அவரைக் கூப்பிட்டு விசாரித்தது. தலச்சேரியும் லண்டனும் ஒரே நேரத்தில் ஒரே கேள்விக்கு உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கின்றன!

பயணத்துக்கு நாள் பார்க்கிறவர்கள் அன்று போகக் கூடாத திசையான சூலத்தைக் காலண்டர் தாளிலேயே பார்த்துவிடலாம். திங்கள், சனி கிழக்கே சூலம், பரிகாரம் தயிர். செவ்வாய், புதன் வடக்கே, பால். வியாழன் தெற்கே, தைலம். வெள்ளி, ஞாயிறு மேற்கே, வெல்லம். மண்ணரையிலிருந்து கோவை மேற்கு. ஞாயிற்றுக்கிழமை கோவை போக வேண்டியிருந்தால் ஒரு கட்டி வெல்லத்தை வாயில் போட்டுக்கொண்டு கிளம்புவார்கள், அவ்வளவுதான். போகாதே என்று தடுப்பதைவிட, போகிற வழியைச் சொல்லிக்கொடுப்பதில் நம் முன்னோருக்கு எத்தனை அக்கறை!

கணக்கே போடாமல் தெய்வத்திடமே கேட்கும் வழியும் உண்டு. காங்கயம் அருகே சிவன்மலைக் கோயிலின் ஆண்டவன் உத்தரவுப் பெட்டியைப் பலரும் அறிவார்கள். பக்தர் ஒருவர் கனவில் வந்த பொருளை, சாமியிடம் பூ கேட்டு உத்தரவு வாங்கிய பிறகே பெட்டிக்குள் வைக்கிறார்கள். தெய்வத்திடம் பூ கேட்பது கொங்கு மண்ணின் ரத்தத்தில் ஊறியது.

ஆரூடம் பலிக்கும் என்று அறிவியல் சோதனை எதுவும் நிறுவியதில்லை. அதைத் தெரிந்துகொண்டே இந்தக் கலையை நேசிக்கலாம் என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் பிள்ளையின் படிப்பையும், புதிய இடத்துச் சம்பளத்தையும், வாடகையையும் விசாரிக்காமல் ஒரு எண்ணை மட்டும் நம்பிக் குடும்பத்தோடு கிளம்பிவிடாதீர்கள். பரிகாரம் என்று ஆயிரக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். வெல்லத்துக்கும் தயிருக்கும் மேல் சூலம் எதையும் கேட்டதில்லை. அப்புறம், கேட்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: எந்த ஊர், எந்த வேலை என்று கேள்வியை மனதில் தெளிவாக்கிக்கொண்டு போங்கள், ஒரே ஒரு முறை கேளுங்கள். பிடித்த பதில் வரும்வரை அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பதைப் பிரசன்னம் ஒப்புக்கொள்வதில்லை.