மேலே ஒரு தீவு

கடல் சூழ்ந்தால்தான் தீவு என்றில்லை. வெயில் காயும் சமவெளிக்கு நடுவே 2,000 மீட்டருக்கும் மேலே நிற்கும் பழனி மலைத்தொடரின் உச்சிகளை அறிவியலாளர்கள் ‘வானத்தீவு’ என்கிறார்கள். நீல உடலும் வெள்ளை வயிறுமாக, சோலைக்காட்டின் நிழலில் தரையோரமாகத் தத்தித் திரியும் ஒரு சிறு குருவி இங்கே உண்டு. குளிர்ச்சியை விட்டுக் கீழிறங்கி, வெக்கையைக் கடந்து அடுத்த மலைக்குப் போக அதனால் ஆகாது. பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கேயுள்ள மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் அது இல்லை.

இந்த மலைமேல் இருக்கும் கொடைக்கானலுக்குப் போகிறவர்களில் பலர் 1863-இல் உருவான ஏரியில் படகுச் சவாரியோடு திரும்பிவிடுகிறார்கள். சூரிய ஆய்வகத்தையும் பாருங்கள். சூரியக் கரும்புள்ளியில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909-இல் கண்டறிந்தது அங்கேதான். குறிஞ்சியாண்டவர் கோயிலில் நின்றால், வானம் தெளிந்த நாளில் பழனி தெரியும். 2018-இல் பூத்த குறிஞ்சி இனி 2030-இல்தான்.

புறப்படும் முன் இ-பாஸ் எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீருக்குப் பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம், வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள்.